மாமா சூடம் அணைத்த கோடை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம். இப்போது வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு என்பதில்தான் பேச்சே ஆரம்பிக்கிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரி பாயசத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஆளுக்கொரு மாத்திரையைக் கூடப் போட்டுக்கொண்டோம். வெட்கம் கெட்ட தலைமுறை நாம். சர்க்கரை வியாதியைச் சளி காய்ச்சல் போலப் பேசப் பழகிவிட்டோம்.

அப்படிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஒருவர் முகம் வந்து நிற்கும். அவர் என் மாமா, அப்பாவின் தங்கையைக் கட்டியவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சர்க்கரை வந்தது அவருக்குத்தான். அதனாலேயே குடிகாரன் என்று பெயர் எடுத்தவரும் அவர்தான். ஒரு சொட்டு குடித்தறியாத மனிதர். அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தது நாங்கள். இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன் என்பதை நினைத்தால் எனக்கே என்மேல் ஆத்திரம் வருகிறது.

தூத்துக்குடியில், கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வளவு இருந்தது. நடுவில் ஒரு முற்றம், சுற்றிலும் வரிசை வீடுகள். ஒரு பக்கம் நாங்கள், எதிர்ப்பக்கம் அத்தையும் மாமாவும் அவர்கள் மகளும். அப்பாவுக்குப் பருப்பு, வத்தல் மொத்த வியாபாரம். கடையிலும் அவர் அண்ணாச்சி, வளவிலும் அண்ணாச்சி. அவர் செருப்புச் சத்தம் கேட்டால் குழாயடியில் சண்டை நின்றுவிடும். மாமா துறைமுகத்தில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் கோடு போடுகிற வேலை. கோதுமைக் கப்பலோ உரக் கப்பலோ வந்துவிட்டால் நிழலில்லாத இடத்தில் நின்றே பொழுது போகும். சட்டையைக் கழற்றினால் கழுத்துக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். வீட்டுக்கு வரும்போது அவரோடு சாக்கு வாடையும் உர வாடையும் சேர்ந்து வரும்.

மெலிந்துகொண்டே போனார். தண்ணீர்ப் பானையை ஒரே ஆளாகக் காலி செய்தார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சர்க்கரை என்று சொல்லி, மாத்திரைக்குக் கட்டுப்படாது, ஊசிதான் என்றார்கள். அந்தக் காலத்து ஊசி என்றால் நம் பேரன்மார் நம்ப மாட்டார்கள். கண்ணாடி சிரிஞ்சு. அதற்கென்று ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. தினமும் காலையில் அத்தை அதைக் கொதிக்க வைப்பாள். மருந்துப் புட்டிக்கு ஃபிரிட்ஜ் ஏது? தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலைக் குவித்து, அதற்குள் புதைத்து வைத்திருந்தாள். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து மாமா தொடையைத் துடைத்துக்கொண்டு தானே குத்திக்கொள்வார். குத்தும்போது முற்றத்துப் பக்கம் பார்த்துச் சிரிப்பார். நாங்கள் பிள்ளைகள் கதவிடுக்கில் நிற்பது அவருக்குத் தெரியும்.

அதைவிட எங்களுக்குப் பிடித்தது மூத்திரப் பரிசோதனை. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். நீலம் பச்சையாகும், மஞ்சளாகும், சில நாள் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். நீலமாகவே நின்றால் மாமா ஜெயித்தார், செங்கல் நிறமானால் சர்க்கரை ஜெயித்தது என்று நாங்கள் பந்தயம் வைப்போம். தேர்தல் முடிவு மாதிரி முற்றத்தில் வந்து அறிவிப்போம். மாமா கோபித்துக்கொண்டதே இல்லை.

இத்தனையும் செய்தோம். ஆனால் வியாதியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். இனிப்பு ஆகாது. சர்க்கரை கூடும் என்று தெரியும். குறையவும் செய்யும், குறைந்தால் கூடுவதைவிட உடனே ஆபத்து என்று ஒருவருக்கும் தெரியாது. ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிடணும் என்று மட்டும் மாமாவுக்குச் சொல்லியிருந்தார்களாம். ஏன் என்று அவர்கள் சொல்லவில்லை, மாமாவும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு என்று பெற்ற தாயும்தான் சொல்லுவாள், அதை யார் மருந்தாக எடுத்துக்கொள்கிறார்கள்? கப்பலின் வாய் திறந்திருக்கிறவரை டேலி கிளார்க் நகர முடியாது. மாமாவின் தூக்குச்சட்டி பல நாள் போன மாதிரியே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

அப்படிப்பட்ட நாட்களில்தான் அது வந்தது. பிற்பகலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார், ஏறி ஓட்டத் தெம்பு இருக்காது. வளவு வாசலில் சைக்கிள் ஒரு பக்கம் சாயும், அவர் ஒரு பக்கம் சாய்வார். வேர்வை சட்டையைப் பிழியலாம் போல ஓடும். நாக்குக் குழறும். ஒருநாள் எங்கள் வீட்டு அடுப்படிக்குள்ளேயே வந்துவிட்டார். கருப்பட்டிப் பானையைத் தேடிக் கையை விட்டுத் துழாவினார். அம்மா பதறிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள், இனிப்பு ஆகாது என்று. அவர் அம்மாவை அதட்டினார். அக்கா அக்கா என்று மரியாதையாகக் கூப்பிடுகிற மனிதர், அன்றைக்கு ஏதேதோ வாய்க்கு வந்ததைச் சொன்னார். அப்பா வந்து அவரை முற்றத்தில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்ட மோரைக் குடிக்க வைத்தார். போதை தெளிய எங்கள் பக்கத்தில் செய்கிற வைத்தியம் அது. பிறகு அத்தை அவசரமாகச் சோறு பிசைந்து ஊட்ட, கொஞ்ச நேரத்தில் ஆள் தெளிந்துவிட்டார். மோர்தான் தெளிய வைத்தது என்று எல்லோரும் முடிவு செய்தார்கள்.

அது சாராயக் கடைகளைத் திறந்துவிட்டுத் திரும்பவும் மூடியிருந்த காலம். கடை மூடியதே தவிர குடி மூடவில்லை. வார்னிஷைக் குடித்தான், ஸ்பிரிட்டைக் குடித்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. மாமா பக்கத்தில் போனால் ஸ்பிரிட் வாடை. வீட்டு அலமாரியில் ஸ்பிரிட் புட்டி. அது எதற்கு என்று வளவுக்கே தெரியும், கதவிடுக்கில் நின்ற எங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனாலும் ஆள் தள்ளாடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு தெரிந்ததெல்லாம் தெரியாததாகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரைப் போலவும் நடந்து காட்ட வரும். மாமா நடக்கிற மாதிரி நடந்து காட்டு என்று வளவுப் பெண்கள் கேட்பார்கள். நான் தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு, சைக்கிளை உருட்டுகிறது மாதிரி, ஒரு கால் வேறு பக்கம் போகிறது மாதிரி முற்றம் முழுக்க நடப்பேன். வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஒருநாள் அத்தை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்பா கெட்டவர் இல்லை. தங்கை வாழ்க்கை என்ற கவலைதான் அவருக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார்.

“மாப்ள, ஒரே கேள்விதான். நீரு குடிக்கீரா?”

“இல்ல மச்சான். தொட்டதே இல்ல.”

“அப்போ நேத்து வாசல்ல விழுந்து கிடந்தது?”

மாமா யோசித்துப் பார்த்தார். “எனக்கு அது ஞாபகமே இல்லியே மச்சான்” என்றார்.

அந்த ஒரு பதில் அவரைக் கவிழ்த்துவிட்டது. செய்ததே நினைவில்லாத அளவுக்குக் குடித்திருக்கிறான் என்று அப்பா எடுத்துக்கொண்டார். தங்கையையும் பிள்ளையையும் இந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்றார். மாமா கையெடுத்துக் கும்பிட்டு, என்ன சத்தியம் வேண்டுமானாலும் பண்ணுகிறேன் என்றார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் சொந்த ஊர் சாத்தான்குளத்துக்குப் பக்கம், தேரி என்கிற செம்மணல் மேட்டில், பனைமரங்களுக்கு நடுவே. அங்கேதான் எங்கள் சாமி. அதன் பெயரைச் சொல்லும்போதே பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். அதன் முன்னால் சூடத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டால் அதற்கு மேல் கோர்ட் கிடையாது. ஈரவேட்டி கட்டியிருக்க வேண்டும். வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் பட்டிருக்கக் கூடாது. பொய்ச் சத்தியம் என்றால் சாமி அந்த இடத்திலேயே அடித்துப் போடும். தாத்தா காலத்தில் எங்கள் பனைவிளைக்காக, அந்தத் தோப்புக்காக, பங்காளிகளோடு வந்த வழக்கு அந்தச் சூடத்தில்தான் தீர்ந்தது. தாத்தா அணைத்தார், அசையாமல் நின்றார், விளை எங்களுக்கு ஆனது.

கோடை விடுமுறை. எங்களையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் பஸ் ஏறினோம். மாமா புது வேட்டி வாங்கியிருந்தார். வழியெல்லாம் கலகலப்பாகப் பேசிக்கொண்டு வந்தார். ஒரு பரீட்சைக்கு நன்றாகப் படித்துவிட்டுப் போகிற பிள்ளையின் முகம் அவருக்கு. தன்மேல் விழுந்த பழியைத் துடைக்க ஒரு வழி கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் என்று இப்போது புரிகிறது.

மறுநாள் காலையில் சொந்தக்காரர் வீட்டு அடுப்பில் அத்தை சிரிஞ்சைக் கொதிக்க வைத்தாள். ஊசியை ஒரு நாளும் விடக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. மாமா போட்டுக்கொண்டார். வெயில் ஏறுமுன் சத்தியம் முடிந்துவிடும், வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. இட்லி அவித்து மூடி வைத்திருந்தது.

ஆனால் சாத்தான்குளத்திலிருந்து ஒரு பெரியவர் வர வேண்டியிருந்தது. பங்காளி வீட்டு மூத்தவர் அவர். அவர் இல்லாமல் சத்தியம் நடந்தால், மாப்பிள்ளைக்காக அண்ணாச்சி வீட்டுக்குள்ளேயே நடத்திக்கொண்டார் என்று நாளைக்கு ஒருவன் சொல்லுவான். ஊர் முழுக்கப் பார்க்க நடந்தால்தான் மாப்பிள்ளையின் பேர் முழுசாகத் திரும்பும் என்று அப்பா நினைத்தார். பெரியவர் வர வேண்டிய பஸ் வரவில்லை. வெயில் பனை உச்சிக்கு ஏறியது. மாமாவின் ஈரவேட்டி காய்ந்தது. கிணற்றடியில் போய்த் திரும்ப நனைத்துக்கொண்டு வந்து நின்றார். தேரி மணல் எங்கள் கால்களைச் சுட்டது. மாமா அப்பாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, ஒரு வாய் ஏதாவது குடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

“கொஞ்சம் பொறும் மாப்ள” என்றார் அப்பா. “உம்ம பேருக்காகத்தான இவ்வளவும்.”

பெரியவர் வந்து சேர்ந்தபோது மாமாவின் முகத்தில் வேர்வை முத்து முத்தாக நின்றது. சூடத்தட்டை நீட்டினார்கள். அவர் கை நடுங்குவதைப் பெரியவர் பக்கத்திலிருந்தவருக்குக் கண்ணால் காட்டினார். நான் குடித்ததில்லை என்று மாமா சொன்னது பாதி குழறிக் கேட்டது. உள்ளங்கையால் சூடத்தை அடித்தார். அணைந்தது. அதே வேகத்தில் முகம் குப்புற மணலில் விழுந்தார். பல் கிட்டியது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

பெண்கள் குலவை போட்டார்கள். நாங்கள் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதோம். அப்பா இரண்டு அடி பின்னால் போனதைப் பார்த்தேன். இழுப்பு நின்றதும் பூசாரி வந்து, படைப்பில் வைத்திருந்த பானக்காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அவர் வாயில் விட்டார். கருப்பட்டியும் புளியும் கரைத்த நீர். பாதி வெளியே வழிந்தது, மீதி உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் மாமா கண்ணைத் திறந்தார், எழுந்து உட்கார்ந்தார்.

“அடிச்ச சாமியே எழுப்பிட்டு” என்றார் பெரியவர். அதுதான் தீர்ப்பு.

மாமா எங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். மீசையில் மணல் ஒட்டியிருந்தது. “சத்தியம் பண்ணியாச்சா?” என்று கேட்டார். 

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் முன் இருக்கையில் இருந்தேன். பின்னாலிருந்து மாமா அத்தையிடம் பேசியது கேட்டது. “ஏளா, நான் குடிச்சிருப்பேனோ?” திரும்பிப் பார்த்தேன், அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். தன் மேலேயே ஒரு மனிதனுக்குச் சந்தேகம் வரும்படி செய்ததைவிடப் பெரிய பாவம் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

சாமிக்குப் பரிகாரம் வைத்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் மாமா ஒரு பொழுது இருக்க வேண்டும், விளக்கு வைத்த பிறகுதான் சாப்பாடு. அந்த வருஷக் கொடைத் திருவிழாவுக்குக் கோயிலுக்குள் வரக் கூடாது, எல்லைக்கு வெளியே நின்று கும்பிட வேண்டும். மாமா மறுபேச்சுப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஊசியையும் போட்டுக்கொண்டு, பட்டினியும் கிடந்தார். டாக்டர் பேச்சையும் தட்டக் கூடாது, சாமி பேச்சையும் தட்டக் கூடாதல்லவா?

இரண்டாவது வெள்ளிக்கிழமையே அது நடந்தது. அன்றைக்கு அத்தை ஊர்க் கோயிலுக்கு விளக்குப் போடப் போயிருந்தாள். மாமாவுக்கு வேலை இல்லாத நாள். காலையிலிருந்து முற்றத்தில், அப்பாவின் கண் முன்னால், கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உச்சி வேளையில் அப்படியே சரிந்தார். அன்றைக்குக் குடித்தார் என்று சொல்ல யாருக்கும் வழியில்லை. அப்பா பயந்துபோய்க் குதிரை வண்டியைக் கூப்பிட்டார். ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நானும் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். இன்சுலின் போடுகிறவர் என்றதும் வேறெதுவும் கேட்காமல் மாமாவின் கை நரம்பில் குளுக்கோஸை ஏற்றினார். அது ஏறி முடியுமுன் மாமா கண் விழித்துவிட்டார். எழுந்து, எந்த இடம் இது என்று கேட்டார். செத்துப்போனவர் எழுந்த மாதிரி இருந்தது எனக்கு. காலையில் என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். விரதம் என்றார் அப்பா.

“ஊசியப் போட்டுட்டு விரதமா?” டாக்டர் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். “சர்க்கரை கூடினாத்தான் ஆபத்துன்னு நினைச்சீங்களா? ஊசி போட்டு, சாப்பாடு தள்ளிப்போனா சர்க்கரை ரொம்பக் குறைஞ்சிரும். வேர்க்கும், கை நடுங்கும், தள்ளாடுவாங்க, வாய் குழறும், என்ன செஞ்சோம்னு அவங்களுக்கே தெரியாது. பாக்கிறவங்க குடிச்சிருக்காங்கன்னுதான் நினைப்பாங்க. அந்த நேரம் ஒரு வாய் சர்க்கரைத் தண்ணி கொடுத்தா எந்திரிச்சிருவாங்க. இதுக்கு முன்னால இப்படி வந்திருக்கா?”

“வந்திருக்கு” என்றார் அப்பா.  அவர் கை கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்தது.

சட்டைப்பையில் எப்போதும் இனிப்பாக ஏதாவது இருக்க வேண்டும், முழுங்க முடியாத நிலையில் வாயில் எதையும் ஊற்றாமல் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும், பட்டினி என்ற பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லச் சொல்ல மாமா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது வண்டியில் குதிரைக் குளம்புச் சத்தம் மட்டும். பழைய துறைமுகப் பக்கம் தோணிகளில் பாய் சுருட்டிக் கிடந்தது. வளவு நெருங்கும்போது மாமா அப்பாவைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அப்போ சாமி என்னைய அடிக்கலியா மச்சான்?”

அப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “அது வேற, இது வேற மாப்ள” என்றார்.

“சரி மச்சான்.”

மாமா அதற்குப் பிறகு அதைக் கேட்கவே இல்லை. இறங்கும்போது அப்பா என் தோளைத் தொட்டு, ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னதை ஊரில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். என்னை ஒரு பெரிய ஆளாக மதித்து அப்பா ரகசியம் சொன்ன முதல் தடவை அது. பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

மறுநாள் முதல் அப்பா ஓடி ஓடிச் செய்தார். வெள்ளிக்கிழமை விரதத்தை, உடம்பு சரியில்லை என்று சொல்லி, எடுத்துவிட்டார். துறைமுகத்தில் யாரையோ பிடித்து, மாமாவுக்கு நேரத்துக்குச் சாப்பாட்டு இடைவேளை வாங்கிக் கொடுத்தார். புது டிபன் கேரியர் வாங்கினார். சில நாள் தானே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அண்ணாச்சி மாப்பிள்ளையை எப்படித் தாங்குகிறார் பார் என்று வளவு மெச்சியது. செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? விவரம் தெரிந்த பிறகு எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். சாமி அடித்தது பொய் என்றால், அந்தச் சூடம் பொய். சூடம் பொய் என்றால், தாத்தா அணைத்துக் கிடைத்த விளையும் பொய்யாகிவிடும். பங்காளி வீட்டுப் பெரியவர் சும்மா இருப்பாரா? அது ஒரு பயம். ஊரைக் கூட்டித் தங்கை புருஷனைத் தலைகுனிய வைத்தது தானே என்று அதே ஊரில் நின்று சொல்வது இன்னொரு பயம். இரண்டில் எது பெரியது என்று அவருக்கே தெரிந்திருக்காது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று எங்கள் அம்மா அடிக்கடி சொல்லுவாள், வேறு எதையாவது வைத்து.

கொடை வந்தது. மேளமும் மைக்செட்டும் தேரியை அதிர வைத்தன. மாமா சொன்னபடி எல்லைக்கு வெளியே, ஒரு உடைமரத்தின் அரைகுறை நிழலில் நின்றார். அத்தை அவர் சட்டைப்பையில் கருப்பட்டித் துண்டை ஒரு தாளில் மடித்து வைத்திருந்தாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தினமும் வைத்தாள். மாமா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் என்பது அதிலிருந்தே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவள் தன் அண்ணனிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் மகளும் அண்ணன் நிழலில் இருந்தவர்கள்.

நான் மாமாவுக்குப் பானக்காரம் கொண்டுபோனேன். ஒரு வயசாளி அவர் தோளில் கைபோட்டுப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார், இனிமேல் தொட்டுவிடாதே தம்பி, சாமி மறுபடியும் பொறுக்காது என்று. மாமா தலையைக் குனிந்துகொண்டு, “இல்ல அண்ணாச்சி, தொட மாட்டேன்” என்றார். செய்யாத தப்பை ஒப்புக்கொண்டுவிட்டார். எனக்கு உண்மை தெரியும் என்று அவருக்குத் தெரியும். என் கையிலிருந்து தம்ளரை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். ஊசி குத்தும்போது கதவிடுக்கைப் பார்த்துச் சிரிப்பாரே, அதே சிரிப்பு. நான் ஓடி வந்துவிட்டேன்.

சின்னப் பிள்ளைதானே என்று நீங்கள் சொல்லுவீர்கள். சரி. ஆனால் நான் வளர்ந்தேனே. படித்தேன், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்கும் போனேன். அத்தை மகளுக்கு நல்ல இடம் ஒன்று கூடிவந்து கலைந்தது. பெண்ணின் தகப்பன் சாமி அடித்த ஆள், குடும்பத்தில் குடி இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அப்போது எனக்கு விளக்கிச் சொல்ல அறிவும் இருந்தது, வாயும் இருந்தது. எனக்கும் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் பெயரில் கீறல் விழுந்தால் என் கல்யாணமும் ஆடும். சும்மா இருந்துவிட்டேன். அவள் பிறகு வேறிடத்தில், கொஞ்சம் மட்டான இடத்தில் வாழ்க்கைப்பட்டாள். என் கல்யாணத்தில் அவள்தான் எனக்குத் தலை பின்னிவிட்டாள்.

மாமா பல வருஷம் இருந்தார். கடைசியில் சிறுநீரகம் போய்விட்டது. இழவு வீட்டுக்கு ஊரிலிருந்து வந்தவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள், அன்றைக்குச் சாமி அடித்த பிறகு கடைசிவரை திருந்தி வாழ்ந்த மனுஷன் என்று. அப்பா சேரில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கச் சொல்லி என்னைப் பார்த்துக் கை காட்டினார்.

அதற்குப் பிறகு அப்பாவுக்கே சர்க்கரை வந்து, கடைசி வருஷங்களில் ஊசியில் வந்து நின்றது. கண்ணாடி சிரிஞ்சும் மணலில் புதைத்த புட்டியும் போய், பேனா மாதிரி ஒன்று வந்திருந்தது. ஒருநாள் நான் பார்க்கப் போயிருந்தபோது, சோறு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுப் படுத்தவர், கொஞ்ச நேரத்தில் எழுந்து முற்றத்துக்கு வந்து சத்தம் போட ஆரம்பித்தார். என்னை யார் என்று தெரியவில்லை. அவர் வாயில் கேட்டறியாத கெட்ட வார்த்தையெல்லாம் வந்தது. பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்த பையன் எட்டிப் பார்த்து, தாத்தா இந்த வயசிலும் போடுவாரா என்று சிரித்தான். எனக்குக் கையும் காலும் ஓடவில்லை.

எதிர்வீட்டிலிருந்து அத்தை வந்தாள். அவளுக்கும் தலை முழுக்க நரைத்திருந்தது. வரும்போதே தம்ளரில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டே வந்தாள். அப்பாவை முற்றத்தில் உட்கார வைத்து, தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மிடறு மிடறாகக் குடிக்க வைத்தாள். முதல் மிடறை அவர் தட்டிவிட்டார். அவள் சேலையும் அவர் வேட்டியும் நனைந்தன. கொஞ்சம் கொஞ்சமாகக் கண் தெளிந்தது. எதிரே நின்ற என்னைப் பார்த்தார், பிடித்திருந்த அத்தையைப் பார்த்தார்.

“நான் என்ன செஞ்சேன்?” என்று கேட்டார்.

“ஒண்ணும் செய்யல” என்றாள் அத்தை.

அப்பா தன் நனைந்த வேட்டியைப் பார்த்தார்.  

“தங்கச்சி, என்னைய யாரும் சூடம் அணைக்கச் சொல்லலியே” என்றார்.

அத்தை தம்ளரின் அடியில் கரையாமல் கிடந்த சர்க்கரையை ஒரு விரலால் வழித்து எடுத்தாள். அவர் நாக்கில் தடவினாள்.

“பேசாம முழுங்குங்க அண்ணே” என்றாள்.